ஸ்கோப்பா, பிளாட்டா

பகல் காட்சிக்கு வந்திருக்கும் படம் ஸ்கோப்பா பிளாட்டா என்று தெரியாமல், தியேட்டர் முதலாளி ஜெயக்கொடி ஏணியில் நின்றார். ஸ்கோப் என்றால் அகலப் படம். திரையின் இரு ஓரத்துக் கறுப்புத் துணியையும் விலக்கிக் கட்ட வேண்டும். பிளாட் என்றால் உள்ளே இழுக்க வேண்டும். படமோ டிஜிட்டல் பூட்டோடு வந்திருக்கிறது, காட்சி நேரத்தில்தான் திறக்கும். போன தீபாவளிக்கு மாற்றிக் கட்டியதில் நாயகன் துணிக்குள் நின்று வசனம் பேச, ரசிகர்கள் திரையைக் கிழித்துவிட்டார்கள். இது புதுத் திரை. இதுவும் போனால் தியேட்டரைச் சாத்த வேண்டியதுதான்.

விநியோகஸ்தர் சௌந்தரராஜைப் போனில் பிடித்தார்.

“படம் அகலமா, வே?”

“பிரம்மாண்டம் அண்ணாச்சி. ரேட்டைக் குறைக்கச் சொல்லிராதீங்க.”

“ரேட்டக் கேக்கலவே, துணியக் கேக்கேன்.”

“துணியா? அம்புட்டும் பட்டு!”

“நீரு படத்தப் பாத்தீரா இல்லையா?”

“பாத்தா வாங்குவோமா அண்ணாச்சி?”

ஜெயக்கொடிக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ஆயுசு முழுக்க எல்லாப் பேரத்தையும் முடித்தது போலவே இதையும் முடித்தார். துணியைச் சரிபாதியில் நிறுத்தி ஆணி அடித்தார். வாசலில் ரசிகர்களின் கொட்டுச் சத்தம் கிளம்பியது. இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, புதுத் திரையை ஒருமுறை ஆசைதீரப் பார்த்துக்கொண்டார்.