பெயர் மாற்றம்

வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது பைக் கவிழ்ந்து என் கணவர் பிலிப்பு இறந்து எட்டு மாதம் ஆகிறது. சங்கராபுரத்துக்கு நான்கு முறை பஸ்ஸில் அலைந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கினேன். மின் இணைப்பு ஷீபா என்ற என் பெயருக்கு மாறியது. அடுத்து காஸ் இணைப்பு மாறியது.

மிச்சம் இருந்தது, நாங்கள் இருவரும் மூன்று வருடமாக வீடு கட்டி விளையாடிய வீடியோ கேம். அவர் தன் கணக்கில் ஆன்லைனில் வாங்கியது. அதையும் என் பெயருக்கு மாற்றக் கேட்டு, இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் கேம் கம்பெனிக்கு அனுப்பினேன்.

கொழுந்தன் ஜோஸ்வா தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இது இன்னா கரண்ட் மீட்டரா அண்ணி, பேர் மாத்த? டிஸ்க்கா இருந்தா போட்டா ஓடும். ஆளு இருக்காரா, செத்தாரான்னு எவனும் கேக்க மாட்டான். இப்ப கணக்க மூடிட்டான்னா அந்த வூடும் போய்டும்."

"அதுக்கு, பொய் சொல்லணுமா?"

"சும்மா இருந்திருக்கலாம்ல."

கேமில் இருந்த அந்த வீட்டின் மாடியில், என் பெயர் எழுதி, அவர் எனக்கென்று ஓர் அறை கட்டியிருந்தார். அவருடைய குரல்கூட எனக்கு மங்கத் தொடங்கிவிட்டது. அந்த அறையில் உட்கார்ந்தால் மட்டும் கேட்கும்.

பத்தாம் நாள் பதில் வந்தது. ஜோஸ்வா உரக்கப் படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, போனை என்னிடம் நீட்டினான்.

'உங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. கணக்கின் உரிமையாளர் பிலிப்பு நேற்றும் விளையாடியிருக்கிறார். எட்டு மாதங்களுக்கு முன் இறந்த தன் மனைவி ஷீபாவின் அறையைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி, உரிய சான்றிதழ்களுடன் அவரும் கேட்டிருக்கிறார். நீங்கள் யார் என்பதைத் தெரிவிக்கவும்.'