மூன்று புள்ளி வலி

பகிடி விட்டுக்கொண்டே வேலை செய்ததில், எக்ஸ்ரேக்காகக் கழற்றிய இரண்டு வலிப்பட்டிகளை நான் மாற்றிக் கட்டிவிட்டேன். மனிதர்கள் இனம் பார்ப்பார்கள் என்று, வலியை அளக்கும் வேலையை எங்கள் லண்டன் ஆஸ்பத்திரி இந்தக் கைப்பட்டிகளிடம் ஒப்படைத்திருந்தது. ஒவ்வொரு பட்டியிலும் அதற்குரிய நோயாளியின் பெயரும் இனமும் பதிந்திருக்கும். அதற்காகக் கிடைத்த சமத்துவ விருது வாசலில் தொங்குகிறது.

கால் முறிந்து காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பவளராணி அக்காவுக்கு, வெள்ளைக்கார மார்கரெட்டின் பட்டி ஏறியதும் வலி பத்துக்கு மூன்றிலிருந்து ஒன்பதானது. ஊசி ஓடிவந்தது. அதேபோல் கால் முறிந்த மார்கரெட்டுக்கு ஒரு கோப்பை தண்ணீர் கிடைத்தது.

பிழையைத் திருத்தச் சொன்னார்கள். திருத்தினேன். அக்காவுக்கு மறுபடியும் மூன்று; அடுத்த ஊசி இல்லை.

"தம்பி, அந்த வெள்ளைக்காரியின்ரயையே கட்டிவிடன். அதுக்குத்தான் என்ர கால் நோகிறது விளங்குது."

சமத்துவ அதிகாரியிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தபடி என் சட்டையில் ஒரு வானவில் பேட்ஜைக் குத்திவிட்டார். நன்றி சொன்னேன். என் வீரம் அவ்வளவுதான்.

கடைசியில் டொக்டர் யதுகுலாவை மறித்தேன். "ஒரே கால்தானே டொக்டர், ஏன் இப்பிடி?"

"அண்ணை, முந்தின டொக்டர்மார் எங்கட சனத்துக்கு எவ்வளவு மருந்து குடுத்தவை எண்டு பாத்துத்தான் இந்தப் பட்டி பழகினது. அவை எங்கட சனத்தை நம்பேல்லை. அதுவும் நம்பாது."