சம்பந்தி கேட்ட ரத்த டெஸ்ட்

“வேதாவுக்கும் அந்த ரத்த டெஸ்ட எடுத்துடுங்க சம்பந்தி. அப்புறமா பத்திரிகை அடிச்சிக்கலாம்.”

மாப்பிள்ளையின் அம்மா கன்னியம்மாள் இப்படிச் சொன்னதும் வேதாவின் அம்மா ராணியம்மாளின் முகம் சுருங்கிவிட்டது.

நிச்சயம் முடிந்த மறுவாரமே வேதாவின் அண்ணன் ராஜேந்திரனுக்குக் கால் வீங்கிப்போய், வேலூருக்குக் கொண்டு போனார்கள். கன்னியம்மாளும் பார்க்க வந்திருந்தாள். அவள் எதிரில்தான் டாக்டர் சொன்னார்.

“ரத்தம் தேவைக்கு மேல உறையாம ஒரு புரதம் தடுக்குது. அதை உண்டாக்குற மரபணுவுல இவருக்குக் குறை இருக்கு. புரதம் கம்மியானதால ரத்தக் குழாய்க்குள்ளயே ரத்தம் கட்டிடுச்சி. கூடப் பொறந்தவங்களுக்கும் இது இருக்கலாம்.”

ராஜேந்திரன் மாத்திரையோடு வீடு திரும்பிவிட்டான். பேச்சு இப்போது வேதாவிடம் வந்து நின்றது.

“சந்தையில மாடு புடிக்கிற மாதிரி இல்ல இருக்கு?” என்று ராணியம்மாள் குமுறினாள்.

“மறைச்சிக் கட்டிக்கிறத விட இது மேல்மா” என்றாள் வேதா.

வேதாவும் வேலூர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்து முடிவைக் கேட்டார்கள். வேதாவுக்கும் அந்தப் புரதம் கம்மி.

நிச்சயப் புடவையை வேதாவே மடித்துப் பையில் வைத்தாள். “அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நாமளே குடுத்துடலாம்மா.”

ராணியம்மாள் சம்பந்தியின் ஊரான வேங்கிக்காலுக்கு பஸ் ஏறினாள்.

“பொண்ணுக்கும் இருக்குதுங்க” என்று பையை நீட்டினாள். “தம்பிக்கு வேற எடம் பாத்துக்குங்க. எங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல.”

கன்னியம்மாள் பையை வாங்கவில்லை.

“உக்காருங்க. என் பெரிய பொண்ணு வள்ளி பிரசவத்துல போயிட்டான்னு சொன்னேனில்ல?”

“சொன்னீங்க.”

“கொழந்த நல்லாத்தான் பொறந்துச்சி. வீட்டுக்கு வந்த வாரமே வள்ளிக்குக் கால் வீங்கிச்சி. பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும்னு ஒத்தடம் குடுத்துட்டு இருந்தேன். ரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறிடுச்சின்னு அப்புறந்தான் சொன்னாங்க. ஒங்க பையனப் பாக்க வந்தப்போ டாக்டர்கிட்ட தனியா கேட்டேன். குறை இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா, மாசமா இருக்கும்போதே ஊசி போட்டுக் காப்பாத்திக்கலாம்னாரு.”

பையை ராணியம்மாளின் மடியிலேயே தள்ளி வைத்தாள்.

“வேதாவ வேணாம்னு சொல்றதுக்கா கேட்டேன்? இவளையும் பறிகுடுக்கக் கூடாதுன்னு தான் சம்பந்தி கேட்டேன்.”