மூன்றாவது பள்ளியின் கழிப்பறை

சேர்க்கைக்கு வந்த இலக்கியாவின் சாதிச் சான்றிதழை இரண்டு முறை படித்துவிட்டுத் தலைமையாசிரியர் நிமிர்ந்தார். "இடம் இருக்கும்மா. ஸ்மார்ட் கிளாஸைக் காட்டவா?"

"கக்கூஸைக் காட்டுங்க சார்," என்றாள் துப்புரவுப் பணியாளர் செங்கொடி. மூத்தவன் பள்ளிக்கூடமே வேண்டாமென்று அழுது நின்றுபோனதிலிருந்து, எந்தப் பள்ளிக்குப் போனாலும் அவள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கழிப்பறை பளபளவென்று இருந்தது.

"யாரு சார் கழுவுறா?"

"அதுக்கெல்லாம் ஆள் இருக்கும்மா."

மூலையில் தரை தேய்க்கும் பிரஷ் சாய்ந்திருந்தது. அவள் வேலையில் பிடிக்கும் பிரஷ் நெஞ்சளவுக்கு வரும். இதன் மரப்பிடியை யாரோ பாதியில் அறுத்து, கையைக் கீறாதபடி முனையை இழைத்தும் வைத்திருந்தார்கள்.

ஐந்து வயது இலக்கியா ஓடிப்போய் அதை நிமிர்த்திப் பிடித்தாள்.

"அம்மா, எனக்குச் சரியா இருக்கு!"