பயணிகள் இல்லை

பேருந்துத் திட்ட அலுவலகத்தின் ஆவணக் காப்பாளர், மனைவியை 'எட்டாங்கிளாஸ்' என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார். அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தவர் அப்படிக் கூப்பிடவில்லை. பழைய கோப்பிலிருந்து எடுத்த நகல் ஒன்றை நீட்டினார்.

"அட, என் கையெழுத்து! சின்ன வயசுல நான் போட்ட மனு இன்னுமா இருக்கு?" என்று பூரித்துப்போனாள் அவள். 'உயர்நிலைப் பள்ளி பத்து மைல் தள்ளி இருக்கிறது. பேருந்து விட்டால் நாங்கள் பதினோரு பெண்கள் படிப்போம்' என்று எழுதியிருந்தாள்.

பின்பக்கத்தில், தட்டச்சு செய்த அலுவலகக் குறிப்பு இருந்தது: 'நேரில் சென்று விசாரித்தேன். பயணிகள் இல்லை. பேருந்து தேவையில்லை.'

அவள் முகம் சிவந்தது. "புளுகன்! ஆபீசர் வரார்னு சொன்னாங்கன்னு நாங்க பதினோரு பேரும் காலையிலேருந்து ரோட்டுலயே நின்னோம். ஒரு ஈ காக்கா வரல. அதோட என் படிப்புக்கு முழுக்கு. யாருங்க அந்தப் புண்ணியவான்? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்." அவர் தலை நிமிரவில்லை. "வேலைக்குச் சேர்ந்த புதுசு. வெயிலா இருக்கேன்னு ஆபீஸ்லயே உட்கார்ந்து எழுதிட்டான்."

"அவனுக்கு நீங்க ஏங்க வக்காலத்து வாங்கறீங்க?"

"வக்காலத்து இல்ல. அதை எழுதினதே நான்தான்."