இரண்டு நிமிடம் மூத்தவள்

பத்து வயது நிரம்பாத குழந்தைகளுக்கு மட்டுமே டெங்கு தடுப்பூசியை அரசு இலவசமாகப் போட்டது. சுகாதார நிலைய வாசலில் இருந்த இயந்திரம் வயதை நிமிடக் கணக்கில் பார்த்தது. பிறப்புச் சான்றிதழின்படி நஸ்ரினுக்கு அன்று மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் பத்து வயது நிரம்புகிறது. மருந்தோ கீழக்கரைக்கு அன்று மதியம்தான் வந்தது.

போன மழைக்காலத்தில் மூத்த மகள் டெங்குவில் பதினோரு நாள் கிடந்து பிழைத்ததை நஸ்ரினின் தந்தை ஜமீல் மறக்கவில்லை. தகவல் கிடைத்ததும் நஸ்ரினைப் பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். வழியில் டயர் பஞ்சராகிவிட, இருவரும் மீதித் தூரத்தை ஓடியே கடந்தார்கள்.

நஸ்ரின் இயந்திரத்தில் விரலை வைத்தாள். திரை சிவந்தது. "தகுதி இல்லை. வயது இரண்டு நிமிடம் கூடுதல்."

"ரெண்டே நிமிசம்தானே சிஸ்டர்!" ஜமீலுக்கு மூச்சு வாங்கியது.

செவிலியர் எஸ்தர் பிறப்புச் சான்றிதழைத் திறந்து பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார். "பாய், புள்ள எங்க பொறந்துச்சு?"

"துபாய்ல. அப்ப எனக்கு அங்கதான் வேல."

"அப்ப இதுல இருக்கிறது துபாய் நேரம்! அங்க இப்ப மணி ரெண்டே முக்கால்கூட ஆகலயே!"

நஸ்ரின் பிறந்த ஊரைத் துபாய் என்று எஸ்தர் திருத்திப் பதிந்தார். திரை பச்சையானது. "தகுதி உண்டு. இன்னும் எண்பத்தெட்டு நிமிடம்."

"வாப்பா, எனக்கு இன்னும் ஒம்பது வயசுதான்!" என்று கத்திக்கொண்டே நஸ்ரின் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.