வண்டியை ஓரங்கட்டு!

"அந்தாளு வந்துட்டான்டி, ரோஷெல்!"

தோழி மார்லா கைகாட்டிய பக்கம் சனிக்கிழமைச் சந்தையின் நுழைவாசல். ரிட்டையரான போலீஸ்காரர் வெர்ன் வழிமறித்து நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியையும் கை நீட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்.

ரோஷெல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்தொன்பது வயதில், காரில் ஒரு பொட்டலம் கஞ்சாவோடு அவளைப் பிடித்தவர் இவரேதான். அபராதம் அன்றைக்கே தீர்ந்தது. வழக்கின் பதிவு மட்டும் அழியவில்லை. மகளின் வகுப்பு மிருகக்காட்சி சாலைக்குப் போனால் மற்ற அம்மாக்கள் துணைக்குப் போகலாம், இவள் போகக்கூடாது. பள்ளிக்கூடத்தில் கேட்டால், "பழைய கேஸ் இருக்கேம்மா!"

அதற்காகத்தான் இந்த மேஜையும் கையெழுத்து வேட்டையும். போதுமான பேர் கையெழுத்துப் போட்டால் விஷயம் ஓட்டெடுப்புக்குப் போகும். ஜெயித்தால் மிசௌரி மாநிலம் முழுக்கப் பழைய கஞ்சா வழக்குகள் பதிவேட்டிலிருந்து அழியும். இன்றோடு கெடு முடிகிறது.

"பாருடி, அவனவன் ஸ்டியரிங் மேல ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருக்கான். யூனிஃபார்மைக் கழட்டியும் புத்தி போகலையே!" என்று பொருமினாள் ரோஷெல்.

"ஆனா இன்னிக்குத்தான் கூட்டம் அள்ளுது. ரெண்டு பேனா தீர்ந்து போச்சு."

"அந்தாளு இல்லேன்னா இன்னும் அள்ளியிருக்கும்! என் வாழ்க்கையைக் கெடுத்தது போதாதாமா? இரு, ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வர்றேன்."

விறுவிறுவென்று நடந்தாள். பாதி வழியில் ஒரு பிக்கப் வண்டி அவள் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டியவர் முகமெல்லாம் வியர்வை. பக்கத்தில் அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கஞ்சா கேஸுக்குக் கையெழுத்து வாங்குற மேஜை எங்கே?"

"அதோ, அந்தத் தக்காளிக் கடைக்குப் பக்கத்துல. ஆமா, உங்களுக்கு யார் சொன்னா?"

"அந்த போலீஸ்காரர்தான்! ஓரங்கட்டச் சொன்னதும் எனக்கு உசுரே போயிடுச்சு."

"லைசென்ஸைத் தேடுறேன்னு என் கைப்பையையே கொட்டிட்டாரு, பயந்தாங்கொள்ளி!" என்றாள் மனைவி.

"நீ சும்மா இருடி. 'லைசென்ஸெல்லாம் வேணாம், ஓட்டு இருக்கா?'ன்னார். இருக்குன்னேன். அந்த மேஜையைக் காட்டி ஒண்ணு சொன்னார் பாரும்மா..."

"என்ன சொன்னார்?"

"'அங்கே நிக்குற பொண்ணைப் பிடிக்க அன்னிக்கு நான் ஒருத்தனே போதும். விடுவிக்க ஊரே சேர்ந்தாத்தான் முடியும், போய்க் கையெழுத்துப் போடுங்க'ன்னார்!"